பக்கத்துக் கொட்டகை

ஓடத் தொடங்கிய முதல் பத்து நிமிடம் யாருக்குமே பிடிக்காது. பிடிக்கும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. கால் கட்டையாக இருக்கும், மூச்சு ஒரு பக்கமும் அடி ஒரு பக்கமுமாகப் போகும், திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். அதற்குப் பிறகு உள்ளே ஏதோ ஒன்று இளகிக் கொடுக்கும். அந்த இளக்கத்துக்காகத்தான் ஓடுகிறோம். நீங்கள் ஓடுவதுண்டா, இன்ஸ்பெக்டர் அம்மா? உங்கள் செருப்புத் தேய்ந்திருப்பதைப் பார்த்தால் நடக்கிறவர் மாதிரித் தெரிகிறது. நடையும் நல்லதுதான்.

நான் வந்தது அத்தாயிக்காக. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பண்ணையில் மருந்தறையைக் கூட்டிப் பெருக்கி, மூட்டை பிரித்து டப்பாக்களை நிரப்பி வைப்பவள் அவள். சில நாட்களாகக் காலையில் அவளை இங்கே வரச் சொல்லி உட்கார வைத்து, சாயங்காலம் அனுப்புகிறீர்கள். என்னோடு ஓடிய தனப்பிரியாவின் பையிலிருந்த பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைச் சோதித்ததில் கோழி மருந்து இருந்தது. அத்தாயி டப்பாவை மாற்றி நிரப்பியிருப்பாள் என்று எங்கள் முதலாளி கைலாசம் அண்ணன் சொன்னார். நீங்களும் நம்பிவிட்டீர்கள். நம்பக் கூடிய விஷயம்தான். நாங்கள் தண்ணீரில் கலந்து குடிக்கிற உப்பு, அந்த மருந்து, இரண்டும் வெள்ளைப் பொடி, இரண்டு டப்பாவும் ஒரே அலமாரியில். ஆனால் அவள் மாற்றவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

புதுச்சத்திரத்துக்கு மேற்கே இருக்கிற அந்த முட்டைக்கோழிப் பண்ணைக்கு நான் மேலாளர். குஞ்சு வந்து இறங்குவதிலிருந்து கேரளாவுக்கு முட்டை லாரி கிளம்புவது வரை எல்லாம் என் தலையில். மாசி கடைசியில் வெயில் ஏறத் தொடங்கினால் கோழி சாகத் தொடங்கும். தீவன அரவை மிஷினில் பெல்ட் அறுந்தால் எனக்குத்தான் போன். தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டாலும் எனக்குத்தான். வீட்டுக்குப் போனால் சாம்பாருக்கு என்ன, கேஸ் எப்போது தீரும், தங்கச்சி சீமந்தத்துக்கு என்ன செய்வது என்று கேள்வி. என் கணவர் நவநீதகிருஷ்ணன் நல்லவர்தான். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். அவரும் கேள்வியாகத்தான் பேசுவார். விடியற்காலை ஓடுகிற அந்த ஒரு மணி நேரம் மட்டும் யாரும் என்னிடம் எதுவும் கேட்கமாட்டார்கள். அந்த நேரம் எனக்கு என்னவாக இருந்தது என்பதை விளக்க இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

ஆடி மாதம் சேலத்தில் நடக்கிற ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தேன். அரை மாரத்தான். அவர் இரண்டு நிபந்தனையோடு சம்மதித்தார்.

"தனியா ஓடக் கூடாது. அப்புறம், எங்கியாச்சும் மயங்கி உளுந்தேன்னு கேள்விப்பட்டேன், அந்த ஷூவைத் தூக்கிப் பரண்ல போட்டுருவேன். பேச்சே கெடையாது."

எனக்குச் சின்னச் சின்ன உபாதைகள் இருந்தன. குதிகால் வலி. இரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். சில காலைகளில் தலை சுற்றும். ஓடுகிறவர்கள் மத்தியில் ஒரு கணக்கு உண்டு. நோவு கழுத்துக்கு மேலே இருந்தால் ஓடலாம், கீழே இருந்தால் ஓய்வெடுக்க வேண்டும் என்பார்கள். சளி என்றால் ஓடு, நெஞ்சு என்றால் நில். நான் என் உபாதைகள் எல்லாவற்றையும் கழுத்துக்கு மேலே சேர்த்துக்கொண்டேன். தலைசுற்றல் தலையில்தானே இருக்கிறது. நெஞ்சு படபடத்தாலும் அது வேலைக் கவலையால் வருவது, கவலை இருப்பதும் தலையில்தான். குதிகாலை மட்டும் எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை. அதனால் அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

தனியாக ஓடக் கூடாது என்பதற்காகத்தான் தனப்பிரியாவைக் கூப்பிட்டேன். பண்ணை அலுவலகத்தில் கணினியில் வேலை பார்த்தவள். இராசிபுரத்து நெசவுக் குடும்பம். எங்கள் ஊரில் செல்போன் கடை வைத்திருக்கும் ஜீவானந்தத்துக்கு வாழ்க்கைப்பட்டு அடுத்த தெருவுக்கு வந்தவள். என்னைவிட நிறைய இளையவள். முதல் நாள் செருப்போடு ஓட வந்தாள். இரண்டு வாரத்தில் பேசிக்கொண்டே ஓடினாள்.

"அக்கா, நம்ம கோளியெல்லாம் நம்மளப் பாத்துச் சிரிக்குதுங்க. கூண்டுக்குள்ள குந்தவெச்சே சோறு கெடைக்குது. வெளிய இருக்கற இதுக ரெண்டும் எதுக்கு இந்த ஓட்டம் ஓடுதுகன்னு."

"பேசாம ஓடு, மூச்சு வீணாப் போகுது" என்பேன்.

"எனக்கு நெறைய இருக்குதுங்க்கா. வேணுமுன்னா உங்களுக்குக் கொஞ்சம் தாரேன்."

அவள் எதையும் குத்தலாகச் சொல்கிறவள் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

தண்ணீர் கலக்குவது என் வேலை. வெயில் காலத்தில் கோழிக்குத் தண்ணீரில் ஒரு உப்புப் பொடி கலந்து கொடுப்போம், சோர்வு தெரியாமல் இருக்க. எங்கள் பண்ணையில் வேலை செய்கிறவர்கள் எல்லாருமே அதில் ஒரு சிட்டிகை எடுத்து எலுமிச்சம்பழம் பிழிந்து குடிப்பார்கள். கைலாசம் அண்ணனும் குடிப்பார். கடையில் விற்பதும் இதுவும் ஒன்றுதான் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார், கால்நடை டாக்டர். நாங்களும் அதையே எடுத்துப் போவோம். நீல மூடி பாட்டில் எனக்கு, பச்சை மூடி அவளுக்கு.

பங்குனியில் ஒரு நாள், நெடுஞ்சாலை ஓரத்து அணுகு சாலையில் ஓடும்போது எனக்குக் கண் இருட்டியது. புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண் திறந்தபோது அவள் என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது செரியில்லீங். டாக்டர்கிட்டப் போலாம் வாங்க. ஒரு மாசம் ஓடாம இருந்தா என்ன ஆயிரும்?"

"ஒண்ணுமில்ல. வெயிலு."

"விடிஞ்சே சித்தெ நேரந்தான் ஆச்சு, இதுல என்ன வெயிலுங்க? மாமாகிட்டச் சொல்லோணும்."

சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. அவள் யோசித்துவிட்டு, "செரிங்க்கா, சொல்லலை" என்றாள். அந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. இனி என் ஒரு மணி நேரம் அவள் கையில் இருக்கிறது என்று பட்டது. அன்றிலிருந்து அவள் என்னைப் பார்க்கிற விதம் மாறியது. ஓடும்போது என் மூச்சைக் காது கொடுத்துக் கேட்டாள். அலுவலகத்தில் என் டிபன் டப்பாவைப் பார்த்தாள். ஜீவானந்தத்தின் கடைக்கு என் கணவர் ரீசார்ஜ் செய்யப் போனார் என்றால், இவள் அங்கே இருந்தாளா, என்ன பேசினார்கள் என்று எனக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அவள் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லாமல் இருக்கிறாள் என்பதும் நிம்மதியாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பைக்கில் டீக்கடைக்கு வந்து நாங்கள் ஓடி வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு ஞாயிறு, "ஏன், நீ எப்பவும் பின்னாலயே வார? அந்தப் புள்ளைக்கு வேர்க்கக்கூட இல்ல. ஒனக்கு மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்குது. ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?" என்றார். தனப்பிரியா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு டீயை ஊதினாள்.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கொட்டகையில் முட்டை குறைந்தால் டாக்டர் முதலில் அந்தக் கொட்டகைக்குப் போகமாட்டார். பக்கத்துக் கொட்டகையைப் பார்ப்பார். அங்கே நன்றாக இருந்தால், இந்தக் கொட்டகைக் கோழிக்கு நோய் என்று அர்த்தம். ஊசி, மருந்து, கழித்துக்கட்டுவது என்று ஆரம்பிப்பார். பக்கத்துக் கொட்டகையிலும் குறைந்திருந்தால் சிரித்துவிட்டு, "வெயிலுங்க, ஒண்ணும் பண்ண முடியாது" என்று கிளம்பிவிடுவார். இதை நான் வருஷக்கணக்காகப் பார்த்து வருகிறேன். தனிக் கோழியை யாரும் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பதை வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

என் உடம்பை நான் சரிசெய்ய முடியாது. ஓய்வெடுத்தால்தான் சரியாகும், ஓய்வெடுத்தால் ஓட்டம் போய்விடும். எனவே பக்கத்துக் கொட்டகை.

குஞ்சுக் கொட்டகைத் தீவனத்தில் ஒரு மருந்து கலப்போம். கோழிக்கு நல்லது. ஆடு, மாடு வாய் வைத்துவிடக் கூடாது, கையில் பட்டாலும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று டாக்டர் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். தசையைக் கெடுத்துவிடுமாம். பெயரைக் கேட்டால் சொல்கிறேன். நான் அவளைக் கொல்ல நினைக்கவில்லை. அப்படி நினைத்திருந்தால் அதற்குத் தகுந்தபடி செய்திருப்பேன். அவள் கொஞ்சம் தளர்ந்தால் போதும். பச்சை மூடியில் மிகக் கொஞ்சமாகத்தான் கலந்தேன். எலுமிச்சை இரண்டாகப் பிழிந்தேன்.

அந்த வாரமே அவள் மெதுவாக ஓடினாள். கெண்டைக்கால் வலிக்கிறது என்றாள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒன்றாக டீக்கடைக்கு வந்து சேர்ந்தோம். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வெயிலு அப்படி. யாரால ஓட முடியும்" என்று சொல்லி மூன்று டீ சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் சொல்கிற அதே வார்த்தை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் நான் ஓடியதிலேயே நல்ல நாட்கள். தோளோடு தோள். என் மூச்சும் அவள் மூச்சும் ஒரே மாதிரி இரைந்தன. அவளை நான் கவனித்துக்கொள்ளவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பண்ணை வாசலில் உட்கார வைத்து, வேலையாட்கள் பார்க்கப் பார்க்க அவள் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். டாக்டரிடம் போனாள், ஓட்டத்தால் வருகிற தசை வலி, கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

"அக்கா, நான் வேணா ஒரு வாரம் நின்னுக்கட்டுங்களா? நீங்களும் கூட நிக்கலாமுங்க" என்றாள்.

அவள் நின்றால் நானும் நிற்க வேண்டும். தனியாக ஓடக் கூடாதே. "தூரம் கூட்டும்போது இப்படித்தான் இருக்கும், சாமி. இந்த வலியைத் தாண்டித்தான் ஓடோணும். பாதியில உட்டா இத்தன நாள் ஓடுனதும் வீணாப் போகும்" என்றேன். இதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்கு நான் தினமும் சொல்லிக்கொண்டதைத்தான் அவளுக்கும் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "நீங்க ஓடறீங்கன்னா நானும் வாரேனுங்க" என்றாள்.

ஒரு நாள் கூச்சப்பட்டுக்கொண்டே காதருகே வந்து, ஒன்றுக்குப் போனால் கறுப்பாக, கடுங்காப்பி மாதிரிப் போகிறது என்று சொன்னாள். தண்ணீர் போதவில்லை, இன்னும் குடிக்க வேண்டும் என்று சொல்லி பச்சை மூடியைத் திறந்து கொடுத்தேன். நன்றி சொல்லிக் குடித்தாள்.

இதோடு நின்றிருக்கும். வைகாசியில் ஒரு நாள் லேசாகத் தூறல் விழுந்து காற்று குளிர்ந்திருந்தது. அன்று அவளுக்கு என்னவோ உற்சாகம். கடைசித் திருப்பத்தில் என்னைத் தாண்டிப் போனாள், விளையாட்டாக, துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பெண் மாதிரி. கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி, நின்ற இடத்திலேயே குதித்தபடி, "மெதுவா வாங்கக்கா. நான் நிக்கறேன்" என்றாள்.

நான் நிக்கறேன். அவ்வளவுதான் சொன்னாள். கோபப்படும்படி அதில் ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும். நான் கோபப்படவும் இல்லை. அளவு போதவில்லை என்று மட்டும் புரிந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு ஜேடர்பாளையத்துக்குப் போனோம். நீண்ட தூரம் ஓட அங்கே நன்றாக இருக்கும், காவிரிக் காற்று. அவர் எங்களைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு மீன் வாங்கப் போனார். தடுப்பணையைத் தாண்டி வாய்க்கால் கரையில் போய்க்கொண்டிருக்கும்போது அவள் பின்தங்கினாள். கூப்பிட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். கால் வரவில்லை என்று கையைக் காட்டினாள், சிரித்தபடியே. நான் நின்றேன். நான் நிக்கறேன், மெதுவா வா என்று சொன்னேன். உண்மையிலேயே நின்றேன். அவள் உட்கார்ந்து, பிறகு ஒருபக்கமாகச் சாய்ந்த பிறகுதான் அவருக்குப் போன் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்றார்கள். ஏதாவது மருந்து, நாட்டு மருந்து, பவுடர் எடுத்தாரா என்று டாக்டர் எங்கள் எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்டார். என்ன என்று தெரிந்தால் வைத்தியம் சுலபம் என்றார். ஜீவானந்தம் என்னைப் பார்த்தார். "எலுமிச்சைத் தண்ணி மட்டுந்தானுங்க" என்றேன். எலுமிச்சை இருந்தது உண்மைதான். அவர்கள் அதற்கு மேல் கேட்கவில்லை. அதன் பிறகும் அவள் பல நாள் உயிரோடு இருந்தாள். அந்த நாட்களில் எப்போது வேண்டுமானாலும் நான் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் சொன்னால் எல்லாம் சொல்ல வேண்டிவரும். புளியமரத்தடியில் விழுந்ததிலிருந்து சொல்ல வேண்டிவரும். அவர் ஷூவைப் பரணில் போட்டுவிடுவார்.

அந்த நாட்களிலும் பயிற்சியை விடவில்லை. துணைக்கு ஆள் இல்லாததால் அவர் பைக்கில் பின்னால் வந்தார். மனசு ஆறுதலாக இருக்கட்டும் என்று அவராகவே சொன்னார். ஓடி முடித்துக் குளித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் அவள் காலைப் பிடித்துவிடுவேன். ஒரு நாள் கண் திறந்து, "அக்கா, இன்னிக்கு ஓடுனீங்களா?" என்று கேட்டாள். ஓடினேன் என்றேன். "மெதுவா ஓடுங்கக்கா" என்றாள். அவள் கடைசியாக என்னிடம் பேசியது அது.

இதுதான் நடந்தது. அத்தாயி டப்பாவை மாற்றவில்லை. யாருமே மாற்றவில்லை. எது எந்த டப்பா என்று தெரிந்து, எடுத்து, அளந்து, நான்தான் கலந்தேன். கை தவறி நடந்தது என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டீர்கள். நல்ல மனசோடுதான் கேட்டீர்கள். வேண்டாம். நான் கை தவறுகிறவள் இல்லை.

அத்தாயி இங்கே இத்தனை நாளாக உட்கார்ந்திருக்க, இன்றைக்கு மட்டும் ஏன் வந்தேன் என்று கேட்கிறீர்கள். நேற்று சாயங்காலம் ஜீவானந்தத்தைப் பார்க்கப் போயிருந்தேன், துக்கம் கேட்கத்தான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்க மேல அவளுக்கு அவ்வளவு உசுருங்க. பங்குனியிலயே எங்கிட்டச் சொன்னா. அக்காவுக்கு ஒடம்பு முடியல, சொன்னாலும் கேக்க மாட்டாங்க. மாமாவுக்குத் தெரிஞ்சா ஓடவே உட மாட்டாரு. நான் கால் வலிக்குதுன்னு சொல்லி மெதுவா ஓடுனா அவங்களும் மெதுவா ஓடுவாங்க, மாமாவும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டாருன்னா. அப்படியே நடிச்சாளுங்க. அப்புறம் பாத்தா நெசமாவே வலி வந்திருச்சு" என்றார்.

அவர் மனைவியை இழந்தவர். என்ன வேண்டுமானாலும் சொல்வார். வீட்டுக்கு வந்து ஷூவைத் துடைத்து வைத்தேன். விடிந்ததும் ஓடினேன். முதல் பத்து நிமிடம் போயிற்று, அதற்குப் பிறகும் இளகவில்லை. எனவே பாதியில் திரும்பி நேராக இங்கே வந்தேன்.

ஜீவானந்தத்திடம் நீங்கள் விசாரித்தால் உங்களிடமும் அவர் அப்படித்தான் சொல்வார். அவர் சொன்னதாக அதை எழுதினால், அதற்குப் பக்கத்திலேயே நான் சொல்வதையும் எழுதுங்கள். அத்தாயியைப் பற்றிக்கூட நீங்கள் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். தனப்பிரியா எனக்காக மெதுவாக ஓடவில்லை. கலந்த முதல் நாளிலிருந்தே, என்னால்தான் மெதுவாக ஓடினாள்.